பிரசவ அறையின் வெளிச்சமும் குளிரும் மொழியும்: மலையகத் தாய்மாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, பின்னால் ஆட்டுப்பட்டி இருந்தது. ஆடு ஈனும் நாளில் அம்மாயி ஒரு பழைய சாக்கை எடுத்துப் பட்டி வாசலில் தொங்கவிடுவார். எட்டிப் பார்க்க ஓடும் எங்களை, "அங்கே என்ன வேடிக்கை? நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றால் அது ஈனாது" என்று விரட்டுவார். மூடநம்பிக்கை என்று நினைத்துக்கொண்டுதான் வளர்ந்தேன்.

பிறகு என் மூத்தவளைப் பெறப் போனேன். ஜனவரி மாத இரவு. வீட்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒழுங்காக வந்துகொண்டிருந்த வலி, வைத்தியசாலைக் கட்டிலில் ஏறிப் படுத்ததும் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறையாகத் தளர்ந்துபோனது. தலைக்கு நேர் மேலே டியூப் லைட். உடைந்த யன்னல் கண்ணாடிக்குப் பதிலாக ஒரு அட்டை, அதன் ஓரத்தால் காற்று. யாரோ வந்தார்கள், எனக்குப் புரியாத மொழியில் ஏதோ சொன்னார்கள், போனார்கள். வலியைக் கூட்டுவதற்குச் செலைன் ஏற்றினார்கள். பிள்ளை நலமாகப் பிறந்தாள். அதற்கு அந்த வைத்தியசாலைக்கு நன்றியுடையவளாகவே இருக்கிறேன். ஆனாலும் அம்மாயியின் சாக்கு எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இந்த வழிகாட்டி, வைத்தியசாலையில் பிள்ளை பெறப்போகும், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் மலையகப் பெண்ணுக்கும் அவளோடு போகிறவர்களுக்கும் எழுதியது. வீட்டுப் பிரசவத்தை நான் சொல்லவில்லை. இரத்தப்போக்கு தொடங்கினால் லயத்திலிருந்து பிரதான வீதிக்கு இறங்குவதற்குள்ளேயே காலம் கடந்துவிடும்.

முதலில், உடலுக்குள் நடப்பது

கருப்பையைச் சுருங்கவைப்பது ஒக்சிடோசின் என்ற ஹோர்மோன். மூளையிலிருந்து அலையலையாகச் சுரக்கும். பயம், குளிர், அந்நியர் பார்வை, கூச்சம் ஆகியவை வரும்போது உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. அட்ரினலின் இரத்தத்தைக் கை கால்களுக்குத் திருப்பிவிடுகிறது, கருப்பைத் தசையைத் தளரவைக்கிறது. காட்டில் புலியைக் கண்ட மான் ஈற்றை நிறுத்திவிட்டு ஓட வேண்டுமல்லவா, அந்த ஏற்பாடுதான். உடலுக்குப் புலிக்கும் டியூப் லைட்டுக்கும் அவ்வளவு வித்தியாசம் தெரியாது. பிள்ளை வெளிவரும் கடைசிக் கட்டத்தில் அட்ரினலின் தானாகவே உயர்ந்து முக்குவதற்குத் தெம்பு தரும். தொல்லை எல்லாம் அது முன்கூட்டியே வந்துவிடுவதில்தான்.

1966இல் அமெரிக்காவில் நைல்ஸ் நியூட்டனும் உடனிருந்தோரும் ஈன்றுகொண்டிருந்த எலிகளை இடையில் தூக்கி வேறிடத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஈற்று நீண்டது. நோர்வேயில் 2,206 பெண்களிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், பிரசவத்தை எண்ணி மிகவும் அஞ்சியவர்களுக்கு ஏனையோரைவிடச் சராசரியாக ஒன்றரை மணி நேரம் கூடுதலாகப் பிடித்தது. மற்றக் காரணங்களைக் கழித்த பின்னும் 47 நிமிட வித்தியாசம் மிஞ்சியது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அறையின் வண்ணத்தையும் கட்டிலையும் மட்டும் மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று எவரும் நிரூபிக்கவில்லை. வீட்டைப் போல அமைத்த பிரசவ அறைகளைப் பற்றி 11,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அங்கே இயற்கைப் பிரசவம் சற்றுக் கூடியது, வெட்டித் தைப்பது குறைந்தது. ஆனால் அது சுவரால் வந்ததா, அங்கே வேலை செய்த மனிதர்களின் போக்கால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. என் கணிப்பில் மனிதர்களால்தான். அதனால் இந்தக் கட்டுரையில் மனிதருக்கும் மொழிக்கும்தான் அதிக இடம்.

படி 1: அறையை முன்பே பாருங்கள் (28 முதல் 34 வாரம்)

கிளினிக் நாளில் மருத்துவமாதுவிடம், நாம் மிட்வைப் என்று அழைப்பவரிடம், "எனக்குப் பிரசவ அறையை ஒரு தடவை காட்ட முடியுமா?" என்று கேளுங்கள். எங்கே பெறப்போகிறீர்கள் என்பதும் அதற்குள் தெளிவாகிவிட வேண்டும்: டிக்கோயாவா, நுவரெலியாவா, நாவலப்பிட்டியா, பதுளையா, அல்லது சிக்கல் என்று கண்டி, பேராதனைக்கு அனுப்புவார்களா. காட்ட மறுத்தால் வாட்டு வாசல் வரையாவது போய் வாருங்கள். வாசனை, வெளிச்சம், படிக்கட்டு ஆகியவை ஒரு தடவை கண்ணிலும் மூக்கிலும் பட்டிருந்தால், வலியோடு போகும் இரவில் அந்த இடம் முற்றிலும் அந்நியமாக இருக்காது.

கேட்க வேண்டியவை: என்னோடு ஒரு பெண் நிற்கலாமா? எந்தக் கட்டம் வரை? வலியில் நடக்கலாமா? என்ன குடிக்கலாம், சாப்பிடலாம்? கட்டிலைச் சுற்றித் திரை உண்டா? தமிழ் பேசும் ஒருவர் இரவு முறையில் இருப்பாரா? ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்க வேண்டியதில்லை. கிளினிக்கில் கூட்டம் எவ்வளவு என்று நமக்குத் தெரியும். ஒரு தடவைக்கு இரண்டு கேள்வி போதும்.

இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தச்சோகை, முன்பு சீசர் (சிசேரியன்) செய்தது ஆகியவை உங்கள் கர்ப்பிணி அட்டையில் எழுதப்பட்டிருந்தால், கீழே நான் சொல்லும் நடப்பது, சாப்பிடுவது போன்றவை உங்களுக்குப் பொருந்துமா என்று டொக்டரிடம் கேட்ட பிறகே செய்யுங்கள்.

படி 2: யார் உடன் நிற்பது

ஒரே ஒரு காரியத்தைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பிரசவம் முழுவதும் ஒருவர் விடாமல் உடனிருந்த பெண்களையும் அப்படி இல்லாதவர்களையும் ஒப்பிட்டு, பல நாடுகளில் 15,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த சோதனைகளின் தொகுப்பு 2017இல் வந்தது. துணை இருந்தவர்களுக்குப் பிரசவம் சராசரியாக 40 நிமிடம் குறைந்தது; சீசர் குறைந்தது; வலி மருந்தின் தேவை குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரைகளிலும், பெண் தானே தேர்ந்தெடுக்கும் ஒரு துணை இருக்க வேண்டும் என்று இருக்கிறது.

தேர்ந்தெடுப்பவர் தாய்தான் என்பதைக் குடும்பத்துக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. மாமியார் வர விரும்புவார். மறுத்தால் மனம் நோகும். நான் இரண்டாம் தடவை அக்காவைக் கேட்டேன். அதற்கு என் மாமி மூன்று நாள் பேசவில்லை. பிறகு ஐந்தாம் நாள் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காயம் என்ற மருந்தை வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். மனத்தாங்கல் ஆறிவிடும், அந்த இரவு திரும்பி வராது.

நல்ல துணைக்கு மூன்று குணம் வேண்டும். இரத்தத்தைக் கண்டு மயங்காதவர். "நான் பெற்றபோது மூன்று நாள் கிடந்தேன்" என்று கதை சொல்லாதவர். முடிந்தால், சிங்களம் பேசக்கூடியவர். வேலை நாட்களில் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவராக இருந்தால் சம்பளம் போகும் என்பதையும் முன்கூட்டியே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் "இன்றைக்கு வர முடியாது" என்பதை நாலு பேர் கேட்டிருக்கிறோம்.

வாட்டில் ஆண்களை விடுவது அரிது, ஏனென்றால் பக்கத்துக் கட்டிலில் இன்னொரு பெண் இருப்பாள். கணவருக்கு வெளியே வேலை இருக்கிறது: வண்டி, போன், இரத்தம் தேவைப்பட்டால் ஆள், மூத்த பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) விட்டுக் கூட்டி வருவது.

படி 3: மொழியையும் பையில் போடுங்கள்

1987இன் 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. இரவு இரண்டு மணிக்குப் பிரசவ அறையில் அது பல நேரம் பலகையில் மட்டும்தான் இருக்கும். அங்கே வேலை செய்யும் தாதிமாரில் பலர் நல்லவர்கள். நமது பேச்சு அவர்களுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். புரியாத மொழியில் உரத்துச் சொல்லப்படும் கட்டளை, அன்பாகவே சொல்லப்பட்டாலும், உடலுக்கு அதட்டலாகத்தான் படும்.

இந்த ஏழு சொற்றொடர்களை ஒரு தாளில் எழுதி, துணைக்கு வருபவரும் நீங்களும் மனப்பாடம் செய்யுங்கள்:

- "ரிதெனவா" – வலிக்கிறது.
- "வத்துர கியா" – நீர்க்குடம் உடைந்துவிட்டது.
- "லே எனவா" – இரத்தம் வருகிறது.
- "பபா ஹெல்லென்னே நே" – பிள்ளை அசையவில்லை.
- "சீதலய்" – குளிர்கிறது.
- "மட்ட எவிதின்ன புளுவன்த?" – நான் நடக்கலாமா?
- "மட்ட தேருனே நே" – எனக்குப் புரியவில்லை.

அவர்கள் சொல்லக்கூடியதில் ஒன்றாவது காதுக்குப் பழகட்டும்: "ஹுஸ்ம கன்ன" என்றால் மூச்சை இழு. என் மூத்தவளின் பிரசவத்தில் இதை அரை மணி நேரம் திட்டு என்று நினைத்துக்கொண்டு அழுதேன்.

பரிசோதனைக்குக் கை வைப்பதற்கு முன்பு என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. வழமையான பிரசவத்தில், வலி முற்றிய பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை உள்பரிசோதனை செய்வதே போதுமானது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பயிற்சி மாணவர்கள் நின்றால், "ஒருவர் மட்டும் இருக்கட்டும்" என்று சொல்லலாம்.

படி 4: பை

நாப்கின், துண்டு, அட்டை, சவர்க்காரம் போன்றவற்றின் பட்டியலைக் கிளினிக்கிலேயே தருவார்கள். அறையின் சூழலை மாற்றப் பயன்படுபவை மட்டும் இங்கே:

கம்பளிக் காலுறை இரண்டு சோடி. முன்பக்கம் பொத்தான் வைத்த ஸ்வெட்டர். தலையணை உறை, வீட்டில் பாவித்தது, துவைத்துக் காயவைத்தது. டெட்டோல் நெடிக்கு நடுவில் வீட்டு வாசனை. அம்மாவின் பழைய நூல் சேலை ஒன்று: போர்வை, திரை, வலியில் பிடித்திழுக்கக் கயிறு என மூன்று வேலையும் பார்க்கும். பிளாஸ்க்கில் கொத்தமல்லித் தண்ணீர் அல்லது சாயத்தண்ணீர் (பால் சேர்க்காத தேநீர்). கண்ணை மறைக்கக் கறுப்புத் துணிப் பட்டி. பிள்ளைக்குத் தொப்பி இரண்டு, ஏனென்றால் ஒன்று கட்டாயம் நனையும்.

படி 5: லயத்தில் கழியும் மணித்தியாலங்கள்

பிரசவ அறை லயத்திலேயே தொடங்கிவிடுகிறது. வலி பெரும்பாலும் இரவில் பிடிக்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் (லய அறையில்) எட்டுப் பேர் எழுந்து உட்கார்ந்து, ஆளுக்கு ஒன்று சொன்னால் அட்ரினலின் அங்கேயே ஏறிவிடும். பக்கத்து வீட்டுக்குச் சொல்லாதீர்கள், பிறகு சொல்லலாம். பெரிய பல்பை அணைத்துவிட்டுச் சிறியதைப் போடுங்கள். அடுப்படியில் சூடு இருக்கும், ஆனால் புகை வேண்டாம். விறகைத் தணித்துவிட்டுத் தணல் பக்கம் உட்காரலாம், கதவு சற்றுத் திறந்திருக்கட்டும். மூடிய அறைக்குள் கரிச்சட்டி வைத்துக் குளிர்காய்வது ஆபத்து. கரியிலிருந்து வரும் வாயு நெடி இல்லாமலே ஆளை மயக்கும்.

நில்லுங்கள், நடங்கள், சுவரைப் பிடித்துச் சாயுங்கள். படுத்தே கிடக்காமல் நிமிர்ந்தும் நடந்தும் இருந்த பெண்களுக்கு முதல் கட்டம் சராசரியாக 1 மணி 22 நிமிடம் குறைந்ததாக 5,218 பேரிடம் நடந்த சோதனைகளின் தொகுப்பு காட்டுகிறது. கொழுந்துக் கூடையோடு செங்குத்தில் ஏறிய கால்கள் நமக்கு. இந்த ஒரு விஷயத்தில் யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

எப்போது புறப்படுவது? நகரத்துப் புத்தகங்கள் வலி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து ஒரு மணி நேரம் நீடிக்கட்டும் என்கின்றன. தோட்டப் பாதைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. உங்கள் டிவிஷனிலிருந்து (தோட்டப் பிரிவிலிருந்து) வைத்தியசாலைக்கு மழை நாளில் எவ்வளவு நேரம் என்று ஒரு தடவை முச்சக்கர வண்டியில் போய்ப் பார்த்து, அந்த நேரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டாம், மூன்றாம் பிள்ளை என்றால் இன்னும் முன்பே. ஆம்புலன்ஸுக்கு 1990, கட்டணமில்லை. பஸ் நிறுத்தம், தோட்டத்தின் பெயர், டிவிஷன், லய எண் ஆகியவற்றைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பதற்றத்தில் சொந்த முகவரியே மறக்கும். தூரம் என்பதால் முன்கூட்டியே வாட்டில் சேரச் சொன்னால் சேர்ந்துவிடுங்கள்.

எதற்கும் காத்திராமல் புறப்பட வேண்டியவை: இரத்தம், பச்சை அல்லது மண்ணிற நீர், பிள்ளையின் அசைவு குறைவது, கடும் தலைவலி, கண் மங்கல், வலிப்பு, காய்ச்சல், மாதம் முழுமையாகும் முன்பே வலி.

படி 6: வாட்டில், கட்டிலைச் சுற்றி மூன்றடி

முழு அறையும் உங்கள் கையில் இல்லை. மூன்றடி இருக்கிறது.

வெளிச்சம். டியூப் லைட்டை அணைக்கச் சொன்னால் முதலில் மறுப்பார்கள். அவர்களுக்கும் பார்க்க வேண்டும். "பரிசோதிக்கும்போது போடுங்கள், மற்ற நேரம் கட்டிலுக்கு மேலிருப்பதை மட்டும் அணைக்கலாமா?" என்று அக்கா கேட்டபோது அணைத்தார்கள். அதுவும் முடியாவிட்டால் கண்பட்டி. பகலில் யன்னல் பக்கக் கட்டில் கிடைத்தால் அதைக் கேளுங்கள். ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வில், அறுவைச் சிகிச்சைக்குப் பின் மரம் தெரியும் யன்னலுக்குப் பக்கத்தில் கிடந்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிட முன்பே வீடு திரும்பினார்கள், வலிமருந்தும் குறைவாகவே கேட்டார்கள். நமது வைத்தியசாலைகளில் பணம் கட்டாமலே கிடைப்பது அந்த மலைக்காட்சி ஒன்றுதான்.

குளிர். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை புல்லில் உறைபனி விழும் இரவுகள் உண்டு. பிள்ளை பிறக்கும் அறை 25 பாகை செல்சியஸுக்குக் குறையக் கூடாது. காலுறையைக் கழற்றச் சொன்னால் மீண்டும் போடக் கேளுங்கள். யன்னலில் காற்று வந்தால் சேலையை மடித்துச் செருகுங்கள். உடல் நடுங்கும்போது வலி இரட்டிப்பாகத் தெரியும். ஆனால் குளிரில்லாமலே பிரசவத்தின் கடைசியில் வரும் நடுக்கம் இயல்பானது, அதற்குப் பயப்பட வேண்டாம்.

சத்தம். பக்கத்துக் கட்டிலின் அலறல்தான் மிகவும் கலக்கும். காதைப் பொத்துவதைவிட உங்கள் தொண்டையிலிருந்தே தாழ்ந்த "ம்ம்ம்" என்ற ஓசையை எழுப்புங்கள். பல்லைக் கடித்தால் முழு உடலும் இறுகும். வாய் தளர்ந்தால் இடுப்பும் தளரும் என்பார்கள். அக்கா எனக்குத் தாலாட்டு பாடினார், பாதியில் வரி மறந்து வேறு பாட்டுக்குத் தாவினார். அந்த வேதனையிலும் சிரித்தேன்.

மறைவு. திரையை முழுவதும் இழுங்கள். திரை இல்லையென்றால் துணை வருபவர் வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நிற்கட்டும். அம்மாயியின் சாக்கு செய்த வேலை அது.

படி 7: முக்கும் நேரமும் அதற்குப் பின் ஒரு மணி நேரமும்

மல்லாந்து படுத்துக் காலைத் தூக்குவது பார்ப்பவருக்கு வசதி. ஒருக்களித்துப் படுக்கலாம், அரைகுறையாக நிமிர்ந்து உட்காரலாம். நிமிர்ந்த நிலையில் ஆயுதப் பிரசவமும் (கருவி வைத்துப் பிள்ளையை எடுப்பதும்) வெட்டுவதும் குறைகின்றன. இரத்தம் சற்றுக் கூடுதலாகப் போகக்கூடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். "இடப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கலாமா?" என்பது பெரும்பாலான இடங்களில் ஏற்கக்கூடிய கோரிக்கை. பிள்ளையின் நாடித் துடிப்பு இறங்கினால் அவர்கள் சொல்வதை அப்படியே செய்யுங்கள். அந்த நேரத்தில் கேள்வி வேண்டாம், பிறகு கேட்கலாம்.

பிறந்தவுடன் பிள்ளையை உலரத் துடைத்து உங்கள் வெற்று மார்பில் வைக்கக் கேளுங்கள், மேலே உலர்ந்த துணி, தலையில் தொப்பி. தாயின் மார்பைப் போலச் சூடான தொட்டில் எதுவும் இல்லை. சீம்பாலை முதல் மணி நேரத்துக்குள் கொடுங்கள். குளிப்பாட்டுவதை ஒரு நாளாவது தள்ளிப் போடுங்கள்; மலைத் தண்ணீரில் முதல் நாளே குளிப்பாட்டி, பிறகு சாம்பிராணிப் புகையில் காட்டும் வழக்கத்தை நம் வீடுகளில் இன்னும் காண்கிறேன். புகை பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது.

சீசர் என்று முடிவானால் அறை மாறும், துணையும் வெளியே நிற்க வேண்டி வரும். அப்போதும் இரண்டு கோரிக்கை மிஞ்சும்: பிள்ளையை முடிந்தளவு சீக்கிரம் கன்னத்தோடு வைத்துக் காட்டச் சொல்வது, வெளியே நிற்பவரிடம் தமிழில் ஒரு வரி தகவல் சொல்லச் சொல்வது.

படி 8: வீடு வந்த பிறகு

முதல் பத்து நாட்களுக்குள் மருத்துவமாது வீட்டுக்கு வருவார். காயத்தையும் பிள்ளையின் எடையையும் பார்ப்பார். அவரிடம் அறையைப் பற்றியும் சொல்லுங்கள்: எது உதவியது, எது பயமுறுத்தியது. இரவில் திடுக்கிட்டு எழுந்து அந்த அறையே கண்முன் வந்து நின்றால், அழுகை இரண்டு வாரம் தாண்டியும் ஓயாவிட்டால், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு.

நான் இரண்டாம் தடவை வந்தபோது ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கடைசிக் கட்டிலின் திரைக்கு நான்கு கொக்கிகள் இல்லை, இழுத்தால் பாதியில் நிற்கிறது. அடுத்த வருடம் என் மதினி அதே வாட்டில் பெற்றுவிட்டு வந்தாள். திரை முழுவதும் மூடியதா என்றுதான் முதலில் கேட்டேன். மூடியதாம்.